புதன்கிழமை ஆடாத ஆட்டம்

நவம்பர் 16

தம்பிக்கு,

போனில் பேசியிருக்கலாம். ஆனால் பேசினால் நான் கத்துவேன், நீ "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்பாய், அதோடு முடிந்துவிடும். கடிதம் என்றால் கடைசி வரை நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை உன்னைப் பார்த்தேன்.

எங்கள் கிளப்பிலிருந்து எட்டு பஸ் வந்தோம். அறிவிப்பு மைக் இல்லாமல், அறிவிப்பாளர் கூண்டு இல்லாமல், சும்மா ஒரு ரசிகையாக உட்கார்ந்து நான் பார்த்த முதல் ஆட்டம் அதுதான். அந்தப் பெரிய மைதானத்தின் புல் நிஜம் மாதிரியே இல்லை. யாரோ கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்த புல் மாதிரி இருந்தது. அதன் நடுவில் நம்ம பையன்கள் பதினோரு பேர், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டையோடு. என் வீட்டுக்காரர், உன் மாமா, கோலில் நின்றார். முப்பத்தெட்டு வயசு. காலையில் பேக்கரியில் எட்டு மூட்டை மாவு இறக்கிவிட்டு வந்தவர்.

ஒன்றுக்கு ஒன்று. ஆறு நிமிஷம் பாக்கி இருக்கும்போது நம்ம எலக்ட்ரீஷியன் தலையால் முட்டிப் போட்டானே, அந்த கோலை நீயும் பார்த்திருப்பாய். விசில் ஊதினதும் நாங்கள் நானூறு பேரும் எழுந்து குதித்தோம். செயலாளர், அதுதான் நம்ம முடிதிருத்தும் கடைக்காரர், என்னைத் தூக்கியே விட்டார். "வாங்கய்யா வாங்க! நம்ம ஊருக்கு வாங்க!" என்று எல்லாரும் பாடினார்கள். சமநிலை என்றால் மறு ஆட்டம், மறு ஆட்டம் என்றால் நம்ம மைதானம், பதினோரு நாளில், புதன்கிழமை. அந்தப் பெரிய கிளப் நம்ம தகரக் கூரைக்குக் கீழே, நம்ம சேற்றில். நான் அப்போதே மனசுக்குள் அறிவிப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நடுவர் நாணயத்தைச் சுண்டினார்.

எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. எதிர்ப்பக்கம் சிரித்தார்கள். எங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்புறம் பந்தைக் கொண்டுபோய் பெனால்டி இடத்தில் வைத்தார்கள். அப்போதும் சிலர் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள் தம்பி. பாட்டு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது.

செயலாளர்தான் காட்டினார். "அங்க கண்ணாடி ரூம்ல நிக்கிறது உன் தம்பி மாதிரி இல்ல?" நீதான். நீளமான கோட்டு. இரண்டு கையும் பாக்கெட்டில். எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

உன் மாமா ஒன்றைப் பிடித்தார். போதவில்லை. திரும்பும்போது பஸ் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பிறகு செயலாளர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அவங்க வரமாட்டாங்களா?" உன் மாமா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "வரமாட்டாங்க."

மறு ஆட்டம் கிடையாது என்ற அந்த விதியை எழுதினது உங்கள் கோப்பை அலுவலகத்தில் நீதான் என்கிறார்கள். உண்மையா?

அக்கா

*

நவம்பர் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலில் மேஜையில் வைத்துப் படித்தேன். பிறகு மாடிப்படியில் நின்று படித்தேன். அங்கேதான் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

முதலில் அலுவலக ரீதியான பதில். கோப்பை விதிகளில் செய்த மாற்றம் ஜூன் மாதமே எல்லா கிளப்புக்கும் அனுப்பப்பட்டது. மூன்று முறை. உங்கள் கிளப் உட்பட. உங்கள் செயலாளர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது. என்னிடம் நகல் உள்ளது.

எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே கூசுகிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும், நான் யாராக ஆகிவிட்டேன் என்று உனக்குத் தெரியட்டும்.

என் அறையில் ஒரு பலகை இருக்கிறது. சுவர் நீளத்துக்கு. வருஷத்தின் எல்லா நாளும் அதில் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு குண்டூசி. நான் சேர்ந்தபோது அதில் வெள்ளை நிறையத் தெரியும். இப்போது பெரிய கிளப்புகள் செவ்வாய், புதனில் வெளிநாட்டுக் கிளப்புகளோடு ஆடுகிறார்கள். அந்தப் போட்டியில் சுற்றுகள் வருஷா வருஷம் கூடுகின்றன. வீரர்கள் களைத்துப் போகிறார்கள் என்று கடிதம் வருகிறது. பொய்யில்லை, களைத்துத்தான் போகிறார்கள். டிவிக்காரர்கள் வேறு நாள் கேட்கிறார்கள். மதியம் முழுக்க அந்தப் பலகை முன்னால் நிற்பேன். ஒரு நாளுக்குள் இன்னொரு நாளை நுழைக்க முடியுமா என்று பார்ப்பேன். சில சமயம் பார்த்துக்கொண்டே இருந்தால் கட்டங்கள் தண்ணீர் மாதிரி அசையும்.

ஏதாவது ஒன்றை எடுக்கவேண்டும் என்றார்கள். மறு ஆட்டத்தை எடுத்தார்கள். வாசகத்தை என்னை எழுதச் சொன்னார்கள். "ஆட்டம் சமநிலையில் முடிந்தால் அன்றே பெனால்டி மூலம் முடிவு செய்யப்படும்." எட்டு வார்த்தை. முதல் நகலில் பதினாறு இருந்தது. சுருக்கமாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார். அந்த "அன்றே" என்னுடையது.

ஆமாம், நான்தான் எழுதினேன்.

நீ கடுகு நிற சால்வை போர்த்தியிருந்தாய். செயலாளர் உன்னைத் தூக்கியபோது ஒரு செருப்பு கழன்று கீழ் வரிசையில் விழுந்தது. நாணயம் சுண்ட இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. இறங்கி வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். படிக்கட்டு வரை வந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அந்த யோசனையிலேயே மூன்று நிமிஷமும் போய்விட்டது.

மாமா பிடித்த அந்த ஒன்று, இடது பக்கம் தாழ்வாக வந்தது, அதைப் பார்த்து நான் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி

*

நவம்பர் 27

தம்பிக்கு,

சுற்றறிக்கை கிடைத்துவிட்டது. மூன்றும். ஒன்று செயலாளரின் கடையில் சுழல் நாற்காலியின் காலுக்கு அடியில் நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. மற்ற இரண்டும் சீப்பு டிராயரில், உறை கூடப் பிரிக்காமல். "லெட்டர்னா பில்லுதான் வரும்னு நினைச்சேன்மா," என்று தலையில் அடித்துக்கொண்டார். பாதி முடி வெட்டின ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே மாறி மாறிப் பார்த்தார். ஆக, எங்கள் மீதும் தப்பு. சரி. தெரிந்திருந்தால் பாடியிருக்க மாட்டோம். அவ்வளவுதானே வித்தியாசம் என்கிறாயா? அவ்வளவுதான்.

செருப்பு கிடைக்கவில்லை.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். கேலி செய்யாதே. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு மறு ஆட்டம் கனவில் வருகிறது. நம்ம மைதானம்தான், ஆனால் கூண்டு ரொம்ப உயரத்தில் இருக்கிறது, பறவை பார்க்கிற மாதிரி. இரண்டு அணியும் ஆடுகிறார்கள், சத்தமே இல்லை. நான் மைக்கில் பேசுகிறேன், அதற்கும் சத்தம் இல்லை. யாரும் கோல் போடுவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடும். ஒரு நாள் காலையில் உன் மாமாவிடம் சொன்னேன். ரொட்டியை மென்றுகொண்டே, "நேத்து என் கனவுல எலக்ட்ரீஷியன் ஒண்ணு போட்டான்," என்றார். அவருக்கும் வருகிறதாம். சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது காலையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறோம். "என்ன ஸ்கோர்?" "தெரியல, மழை வந்துடுச்சு."

புதன்கிழமை வந்தது. நான் வழக்கம்போல ஆஸ்பத்திரி கவுன்டரில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. அடுத்தது, "எண் ஒன்று, கோல்கீப்பர்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். வரிசையில் நாற்பத்தொன்பதாம் நம்பர் அம்மா, கையில் எக்ஸ்ரேயோடு, "நான் டிஃபென்ஸ்தான் ஆடுவேன்," என்றாள். கூடமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல், "நாற்பத்தொன்பது" என்று கூப்பிட்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியவள், கால் மைதானத்துக்குப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் கேட் திறந்திருந்தது. காவலாளி, "பூட்ட மறந்துட்டேன்னு வச்சுக்குங்க," என்றார். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருநூறு பேர் இருப்பார்கள். அவரவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில். நடுவில் வராதவர்களின் இடம் காலியாக. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தூறல், விழுகிறதா இல்லையா என்று தெரியாத தூறல். எலக்ட்ரீஷியன் போய் ஒரே ஒரு விளக்குக் கம்பத்தை மட்டும் போட்டுவிட்டு வந்தான். புல்லில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு.

"மைக்கைப் போடுக்கா," என்று யாரோ சொன்னார்கள். போட்டேன். "இன்றைய ஆட்டம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அப்புறம் நாங்கள் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருமுறை மேற்குப் பக்கம் ஒருவர் "ச்சே!" என்று தொடையில் தட்டினார், பந்து கம்பத்துக்கு வெளியே போன மாதிரி. சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. உன் மாமா கைமுட்டி வரை மாவோடு கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய கிளப் சட்டை போட்ட ஆள் ஒருவர் என் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் தூறல்தான்.

ஒருவர் எழுந்தார். எல்லாரும் எழுந்தோம். யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.

நீ படிக்கட்டு வரை வந்தாய் என்று எழுதியிருந்தாய். அதை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "பாதி தூரம் வந்திருக்கான்," என்றார். அவர் அப்படித்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா

*

ஜனவரி 12

அக்கா,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. உண்மையாகவே கிழித்துவிடு. சீப்பு டிராயரில் போடாதே.

மார்ச் மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. கீழ் இரண்டு டிவிஷன் கிளப்புகளைக் கோப்பையிலிருந்து எடுத்துவிட்டு, "உங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளுங்கள்" என்று தனியாக ஒரு கோப்பை கொடுக்கப்போகிறார்கள். அதற்கு அழகாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும்போதே தெரிந்துவிடுகிறது, அந்தக் கோப்பையை யாரும் பார்க்கப்போவதில்லை என்று. அதற்கும் வாசகம் எழுதச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் சுருக்கமாக எழுதுகிறேனாம்.

மறு ஆட்டம் போனது ஒரு புதன்கிழமை. இது போனால் எல்லாச் சனிக்கிழமையும்.

எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பழைய விதிப்புத்தகத்தைப் புரட்டினேன், யோசிக்கிறமாதிரி காட்டிக்கொள்ளத்தான். அதில் ஒரு விதி இருக்கிறது, யாரும் கவனிக்காத விதி. ஒரு தீர்மானத்தை எதிர்த்து நாற்பது கிளப்புகள் கடிதம் கொடுத்தால், ஓட்டெடுப்புக்கு முன் அந்தக் கடிதங்களை எல்லாம் முழுவதுமாகச் சபையில் படிக்கவேண்டும். ஒரே கடிதத்தில் நாற்பது கையெழுத்து செல்லாது. ஒவ்வொரு கிளப்பும் தன் சொந்த வாசகத்தில் எழுதவேண்டும். படிக்கவேண்டியவர் போட்டிப் பிரிவு எழுத்தர். அதாவது நான்.

படித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் போகலாம். பிப்ரவரி கடைசிக்குள் வந்து சேரவேண்டும்.

நீ கேட்பாய், ஏன் இப்போது என்று. கண்ணாடி அறையில் சத்தம் கேட்காது அக்கா. உங்கள் வாய் அசைவதுதான் தெரிந்தது. நீங்கள் பாடிய பாட்டு எனக்குத் தெரியும் என்பதால் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

தம்பி

*

பிப்ரவரி 22

தம்பிக்கு,

இன்று காலை வரை முப்பத்தெட்டு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வேண்டும். இதை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் ரோட்டைத் திட்டு.

ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயின. எந்த ஊர் எது என்று எனக்கே குழம்பிவிட்டது. இறங்குகிற இடமெல்லாம் ஒரே மாதிரி: ஒரு சுவர், சுவருக்கு மேல் விளக்குக் கம்பம், கம்பத்தில் குருவி. ஒரு கிளப்பில் அலுவலகமே ஒரு பழைய லாரியின் பின்பக்கம். இன்னொன்றில் மைதானம் சரிவு, இடைவேளைக்குப் பிறகு எந்த அணி மேலிருந்து கீழே ஆடுகிறதோ அதற்குத்தான் கோல். செயலாளர்கள் எல்லாரும் வேறு வேலைக்காரர்கள். பூட்டு ரிப்பேர் செய்கிறவர், பல் டாக்டர், சவப்பெட்டி செய்கிறவர். சவப்பெட்டிக்காரர் உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எங்க கிளப்புக்கு நானே பெட்டி செய்யற நிலைமை வரக்கூடாதும்மா."

நடுவில் வீட்டில் ஒரு சண்டை. உன் மாமா இந்த வருஷத்தோடு கையுறையைக் கழற்றிவிடுவதாக இருந்தார். வலது மோதிர விரல் மடங்குவதே இல்லை. நான் ஞாயிறுதோறும் கிளம்புவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எனக்காகவா இப்படி அலையற?"

"இல்ல."

"அவனுக்காகவா?"

"அவன் கிடக்கான். எனக்காக."

"உனக்கு என்ன இதுல?"

"சனிக்கிழமை மத்தியானம் நாலாயிரம் பேரு முன்னாடி உங்க பேரைச் சொல்லணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? எத்தனை நாளைக்கு டோக்கன் நம்பரே கூப்பிடறது?"

அவர் மறுநாள் பஸ்ஸுக்கு இரண்டு ரொட்டி கட்டிக் கொடுத்தார். சமாதானம் என்று அர்த்தம்.

இன்று போனது பாலத்தடி கிளப். ரயில் பாலத்துக்குக் கீழேதான் அவர்கள் மைதானம். ரயில் போகும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்களாம், பழக்கமாம். செயலாளர் ஒரு பஸ் கண்டக்டர். என் வயசுப் பெண். டிக்கெட் பையைக் கழற்றாமலே பேசினாள்.

"நாங்க இந்தக் கோப்பையில முதல் சுத்தைத் தாண்டினதே இல்ல. பன்னெண்டு வருஷம். எங்களை எடுத்தா என்ன, விட்டா என்ன?"

மேலே கேட்காமலே கிளம்பிவிட்டேன். ஸ்டாப் வரை வந்தபோது பின்னாலேயே ஓடி வந்தாள், பையில் சில்லறை குலுங்கக் குலுங்க. டிக்கெட் கட்டைப் பலகையாக வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். மூன்றே வரி. இத்தோடு வைத்திருக்கிறேன்.

முப்பத்தொன்பது ஆயிற்று. நாற்பதாவது எங்களுடையது. செயலாளர் மூன்று நாளாக எழுதுகிறார். கடையில் கூட்டம் வந்தால் சவரக் கத்தியையும் பேனாவையும் மாற்றி எடுத்துவிடப் போகிறாரோ என்று பயமாக இருக்கிறது. நாளை அனுப்பிவிடுகிறேன்.

கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கடைசி வரி மட்டும் என்னிடம் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

நேற்றுப் பொதுக்குழு.

தலைவர் "கடிதங்கள் படிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளலாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சாப்பாட்டு நேரம். நான் எழுந்து, "விதிப்படி படிக்கணும் சார்," என்றேன். என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. மேலதிகாரி என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். நான் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் இருபது நிமிஷம். முதல் பத்துக் கடிதத்துக்கு எல்லாரும் போனைப் பார்த்தார்கள். லாரி அலுவலகக் கடிதம் வந்தபோது ஒருவர் சிரித்தார். பிறகு எந்த இடத்தில் மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. படிக்கப் படிக்க அந்த ஹால் பெரிதாகிக்கொண்டே போனது மாதிரி இருந்தது. சுவருக்கு அப்பால் சின்னச் சின்ன மைதானங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. தண்ணீர் குடிக்கக் கூட நிறுத்தவில்லை.

பாலத்தடிக் கடிதத்தை முப்பத்தொன்பதாவதாக வைத்திருந்தேன். "நாங்கள் ஒவ்வொரு வருஷமும் தோற்கிறோம். தோற்பதற்காவது எங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் நாங்கள் தோற்றவர்கள் இல்லை, இல்லாதவர்கள்." படித்துவிட்டு நிமிர்ந்தேன். யாரும் போனைப் பார்க்கவில்லை.

உங்கள் செயலாளரின் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் சுற்றறிக்கையைப் படிக்காததற்கு மன்னிப்பு. அதையும் முழுவதுமாகப் படித்தேன்.

ஓட்டு. நான்கு வித்தியாசத்தில் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. கவனி, தள்ளிவைப்புதான். இரண்டு வருஷத்துக்கு. மறு ஆட்டமும் திரும்ப வராது, அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. என் எட்டு வார்த்தை அப்படியே இருக்கிறது. இதை வெற்றி என்று மைக்கில் சொல்லிவிடாதே.

மேலதிகாரி என்னோடு பேசுவதில்லை. வேறு பிரிவுக்கு மாற்றுவதாகப் பேச்சு. ஆனால் அந்தப் பலகையைப் படிக்க வேறு ஆள் இல்லை, அதனால் இப்போதைக்கு இங்கேதான்.

ஹாலை விட்டு வெளியே வந்தபோது வெயில் அடித்தது. மதியம் மூன்று மணி. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் பசித்தது.

தம்பி

*

நவம்பர் 8

தம்பிக்கு,

வேலையாக எழுதுகிறேன், உறவாகவும் எழுதுகிறேன். எது எங்கே முடிகிறது என்று நீயே பிரித்துக்கொள்.

இந்த வருஷக் கோப்பைக் குலுக்கலில் எங்களுக்கு எதிரணியாக யார் வந்தார்கள் என்று உனக்குத் தெரியும், நீதானே குலுக்கின இடத்தில் இருந்தாய். பாலத்தடி. நாற்பது கிளப்பில் போயும் போயும் அவள் கிளப். கண்டக்டர் போன் செய்து, "உன்னை ஜெயிக்க வைக்கவா அன்னிக்கு எழுதிக் கொடுத்தேன்?" என்றாள். நேற்று அவள் வேலை செய்கிற பஸ்ஸிலேயே அறுபது பேர் வந்து இறங்கினார்கள்.

உன் மாமா கையுறையைக் கழற்றவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் என்கிறார். அவர் கோலுக்கு ஓடி வந்ததும், மக்கள் வழக்கம்போல, "கதவு சாத்தியாச்சு!" என்று கத்தினார்கள்.

இருபதாவது நிமிஷம் எலக்ட்ரீஷியன் ஒன்று போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். இடைவேளைக்குப் பிறகு ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் வந்தது. முதலில் மூலைக் கொடி மறைந்தது. பிறகு எதிர்ப்பக்கக் கூரை. பிறகு எதிர்ப்பக்கமே. கூண்டிலிருந்து பார்த்தால் பால் மாதிரி இருந்தது, அதற்குள் யார் யாரோ நீந்துகிற மாதிரி. பந்து உதைபடுகிற சத்தம் மட்டும் வரும், எங்கிருந்து என்று தெரியாது. யாரோ கீழேயிருந்து கத்திச் சொல்ல, அதைக் கேட்டு நான் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தேன். "வலது பக்கம் கார்னர்... மன்னிக்கவும், இடது பக்கம்."

எழுபத்தெட்டாவது நிமிஷம் நடுவர் நடுவட்டத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், அவசரப்படாதவர். கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு ஒரு சீட்டை எழுதி மேலே அனுப்பினார். படித்தேன். "பனிமூட்டத்தின் காரணமாக ஆட்டம் கைவிடப்படுகிறது."

சத்தமே இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில், கண்டக்டரின் குரல் மட்டும் கேட்டது. ஸ்டாப் பெயர் கூப்பிடுகிற அதே குரல். "அப்ப மறுபடியும் ஆடுவோமா?"

நம்ம செயலாளர் இப்போது விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். கடையில் முடி வெட்டும்போது கூட ஒப்பிக்கிறார். தன் வாயை அவரால் அடக்க முடியவில்லை. "ஆடணும்! முதல்லேருந்து ஆடணும்!" என்று கத்திவிட்டார். எங்கள் ஆட்கள் அவரை அடிக்காத குறை. ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தானே!

அப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அறுபது பேர்தான். முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும். அது எனக்குத் தெரிந்த சத்தம் தம்பி. நாங்கள் நானூறு பேர் போட்ட சத்தம். ஆனால் இவர்களை யாரும் நாணயம் சுண்டி நிறுத்தப்போவதில்லை. நான் மைக்கை அணைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கோபப்பட நினைத்தேன். வரவில்லை. நம்ம பக்கத்திலும் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எந்தச் சத்தம் யாருடையது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

உன் மாமா படியேறி வந்தார். பனியில் மீசையெல்லாம் நனைந்திருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"மறு ஆட்டம் வந்துடுச்சு பாரு. ஒரு வருஷம் லேட்டு. வீடு மாறி வந்திருக்கு."

"வருத்தமா?"

"ஒரு கோல் போச்சேன்னு இருக்கு," என்றார். பிறகு, "இன்னொரு ஆட்டம் கிடைச்சிருக்கேன்னும் இருக்கு. முப்பத்தொன்பது வயசுல சும்மா கிடைக்குமா?" என்று சிரித்தார்.

நடுவர் தேதிக்கு அலுவலகத்துக்கு எழுதச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். தேதி சொல். நல்ல நாளாகப் பார்த்துச் சொல், கண்டக்டருக்கு லீவு கிடைக்கிற நாளாக.

உன் மேல் இருந்த கோபம் எனக்கு ஆறிவிட்டது. எப்போது ஆறியது என்று தெரியவில்லை. நேற்றுக் காலையில் இருந்தது.

அக்கா

*

நவம்பர் 12

அக்கா,

கைவிடப்பட்ட ஆட்டம் அதே மைதானத்தில் முதலிலிருந்து ஆடப்படவேண்டும். உங்கள் ஒரு கோல் கணக்கில் வராது, எலக்ட்ரீஷியனிடம் என் அனுதாபத்தைச் சொல்லு.

தேதி: நவம்பர் 26, வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. பலகையில் இடம் இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். இரண்டு குண்டூசியை நகர்த்தினேன், இடம் வந்துவிட்டது. ஒரு பெரிய கிளப்பிலிருந்து புகார் வரும். வரட்டும், படித்துப் பார்க்கிறேன்.

பாலத்தடிக்கும் தனியாக எழுதிவிட்டேன். சுற்றறிக்கையாக இல்லை, கடிதமாக. கண்டக்டரிடம் வியாழன் வசதிப்படுமா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் ஊசியைக் குத்தினேன். எங்கள் அலுவலகம் ஒரு கிளப்பிடம் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவையாம். அவள்தான் சொன்னாள்.

அன்று நானும் வருகிறேன். இன்று லீவு விண்ணப்பம் கொடுத்தேன். மேலதிகாரி எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தார்.

"காரணம் எழுதலையே?"

பேனாவை வாங்கி எழுதினேன்: "ஆட்டம் பார்க்க."

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டில் நடக்கிற எல்லா ஆட்டத்துக்கும் நாள் குறிக்கிற அலுவலகம் அது. அங்கே அந்தக் காரணத்தை யாரும் இதுவரை எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "எங்க உக்காருவ?"

தெரியவில்லை என்றேன். நீதான் சொல்லவேண்டும்.

தம்பி